கால் கொடுத்தார்கள், அது தேய்ந்தால்?

வைத்தியசாலையிலே புதிய கட்டிடம் திறக்கப்படும் நாளில் மேளமுண்டு, மாலையுண்டு, மந்திரிமாரின் நீண்ட பேச்சுமுண்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து அக்கட்டிடத்தினுள் எத்தனை யந்திரங்கள் இயங்குகின்றன என்று பார்ப்பதற்கு எவரும் மாலையோடு வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர் வடபகுதி வைத்தியசாலை ஒன்றில், உறைகூடக் கழற்றப்படாத உடற்பயிற்சி யந்திரமொன்று மூலையிற் கிடக்க நாம் கண்டோம். அதைப் பூட்டத் தெரிந்தவர் கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்கள். எப்போது வருவார் என்று கேட்டோம்; சிரித்தார்கள்.

நெதர்லாந்து நாட்டின் உதவியோடு 2024ஆம் ஆண்டில் மாங்குளத்திலே புனர்வாழ்வு வைத்திய நிலையம் திறக்கப்பட்டதை நாம் மனமார வரவேற்கிறோம். புனர்வாழ்வு என்ற சொல்லுக்கு இந்நாட்டில் 2009ஆம் ஆண்டின் பின்னர் முட்கம்பி வேலியோடு சேர்ந்த வேறொரு பொருளும் ஏற்பட்டுவிட்டது. நாம் இங்கே பேசுவது காலிழந்தவனை நடக்கவைக்கும் வைத்தியத்தைப் பற்றியே. அவ்வைத்தியம் கட்டிடத்தால் மாத்திரம் நடைபெறுவதன்று என்பதையே சொல்ல வந்தோம்.

ஜெய்ப்பூர்க் காலின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். 1960களில் இந்தியாவில் காலிழந்தோருக்குக் கிடைத்த செயற்கைக் கால் மேனாட்டார் முறையில் அமைந்தது. அதற்குச் சப்பாத்து வேண்டும். அதை அணிந்தவன் நிலத்திற் சம்மணமிட்டு அமர முடியாது, குந்த முடியாது, சேற்றில் இறங்கவும் முடியாது. நாற்காலியில் அமர்ந்து தொழில் செய்பவனுக்கு அது போதும். உழவன் அதை வீட்டு மூலையிற் சாத்திவிட்டுப் பழைய ஊன்றுகோலையே எடுத்துக்கொண்டான். ஜெய்ப்பூர் சவாய் மான் சிங் வைத்தியசாலையின் எலும்பு வைத்தியர் பி. கே. சேத்தி இதனைக் கண்டார். அவரோடு சேர்ந்து உழைத்தவர் பெரிய படிப்பொன்றும் இல்லாத கைவினைஞரான ராம்சந்திர சர்மா. றப்பரையும் மரத்தையும் ரயர் நூலையும் சேர்த்து அச்சிலிட்டு வேகவைத்து, வெறுங்காலோடு நடக்கவும் குந்தவும் வரம்பேறவும் கூடிய பாதமொன்றை 1968ஆம் ஆண்டளவில் இருவரும் உருவாக்கினார்கள். சேத்திக்கு 1981இல் மக்சேசே விருது கிடைத்தது. சர்மாவின் பெயரை உலகம் அவ்வளவாக நினைப்பதில்லை. கைவினைஞருக்கு எங்கும் இதுதான் கதி போலும்.

அந்தப் பாதமே போர்க்காலத்தில் எமது மண்ணுக்கும் வந்தது. 1987இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம், ஷெல்லும் மிதிவெடியும் காலைப் பறித்த எத்தனையோ பேரை மீண்டும் நிமிர்ந்து நிற்க வைத்தது. அந்நிலையத்துக்கு எமது மக்கள் பட்ட கடன் பெரிது.

ஆயினும் செயற்கைக் கால் என்பது ஒருமுறை கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பொருளன்று. வளர்ந்த ஒருவருக்கு மூன்று தொடக்கம் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மாற்றவேண்டும். வளரும் பிள்ளைக்கோ ஆறு மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் மாற்றவேண்டும். வாசகர்கள் கணக்குப் பார்க்கட்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் காலிழந்த எட்டு வயதுச் சிறுமிக்குப் பதினெட்டு வயதாவதற்குள் ஆகக் குறைந்தது பத்துக் கால்கள் தேவைப்பட்டிருக்கும். அன்று இருபது வயதாயிருந்த இளைஞன் எழுபது வயதுவரை வாழ்வானாயின், பத்து முதல் பதினாறு கால்கள் வேண்டும். இக்கணக்கை எந்த வரவுசெலவுத் திட்டத்தில் எழுதினார்கள்? முதற்காலைத் தர்மவான் தந்தார். இரண்டாவதை வெளிநாட்டு உறவினர் தந்தார். மூன்றாவதற்குப் பழைய காலிலே தோற்பட்டி கட்டி, பஞ்சு திணித்து, வலியைப் பொறுத்துக்கொண்டு வயலுக்குப் போகிறான். காலைத் தாங்கும் கிண்ணம் பொருந்தாவிட்டால் வெட்டுண்ட இடம் புண்ணாகும். புண்ணானால் காலைக் கழற்றிவைக்க வேண்டும். அறுவடைக் காலத்தில் இரண்டு கிழமை படுத்துக் கிடப்பதென்றால் என்னவென்று கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

விலையுயர்ந்த கருவி வந்தால் இத்துன்பம் தீருமென்று எண்ணுவோரும் உளர். 1997இல் ஜெர்மனியில் கணனி பொருத்திய முழங்கால் வெளிவந்தது. அடியெடுத்து வைக்கும்போதே நடையை அளந்து முழங்காலைத் திருத்திக்கொள்ளும் அற்புதமான கருவி அது. படியிறங்கும் எழுதுவினைஞருக்கு நன்மை பயக்கும். ஆனால் அதற்கு மின்னேற்ற வேண்டும். பழுதுபட்டால் தயாரித்தவரிடமே அனுப்பவேண்டும். தொடக்ககாலக் கருவிகளுக்கு நீர் ஆகாது. விசுவமடுவில் நாற்று நடுபவருக்கு அதைக் கொடுப்பது ஏர் பூட்டப் பந்தயக் குதிரையைக் கொடுப்பது போலாகும். செஞ்சிலுவைச் சங்கத்தார் கம்போடியாவில் வளர்த்தெடுத்த போலிப்புரொப்பிலீன் பிளாஸ்ரிக் முறை மலிவானது, உறுதியானது. ஊர்ப் பட்டறையிலேயே உருக்கித் திருத்தலாம். நடை பழக்கும் இணைகம்பிகளையோ எமது இரும்பொட்டுத் தொழிலாளி இரண்டு நாளில் செய்து தருவார். இத்தகையவற்றைக் கேட்பதற்கு வெட்கப்படுவானேன்?

முள்ளந்தண்டு முறிந்தவரின் நிலை இதனிலுங் கொடிது. போரில் முறிந்தவர் ஒருபுறமிருக்க, பனையிலும் தென்னையிலுமிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தோரும் எமது கிராமங்களில் உண்டு. அவர்களுக்குச் சக்கர நாற்காலி கொடுத்தோம் என்று பெருமை பேசுகிறோம். நாற்காலியைவிட அதன்மேல் இடும் மெத்தையே அவர்களின் உயிரைக் காக்கிறது. உணர்வற்ற உடல், அழுத்தத்தை அறியாது. ஒரே இடத்தில் மணிக்கணக்காக இருந்தால் தசை அழுகும். அப்புண்ணே சிலரைக் கொன்றுவிடுகிறது. ஆளின் இடுப்பளவு, முதுகின் வளைவு, வீட்டு வாசலின் அகலம், ஒழுங்கையின் மணல் என்பவற்றை அளந்து கொடுக்கவேண்டிய பொருளை, பெருநாட் சேலை போல வரிசையில் நிறுத்தி வழங்குவது எவ்வளவு பேதைமை! உலக சுகாதார நிறுவனம் இதற்கான வழிகாட்டியை 2008இலேயே வெளியிட்டது.

இவையாவற்றுக்கும் வேண்டியவர் தேர்ந்த தொழினுட்பவியலாளர். செயற்கை அவயவங்களைச் செய்யக் கற்பிக்கும் கல்லூரி 2004இல் ராகமையில் தொடங்கப்பட்டது. நல்ல கல்லூரி என்றே கேள்வி. அங்கே பயின்றோரில் தமிழ் பேசுவோர் எத்தனை பேர், அவருள் எத்தனை பேருக்கு வடக்கிலும் கிழக்கிலும் அரசாங்க நியமனம் உண்டு என்று கேட்பதை வகுப்புவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். கிண்ணத்தைப் பொருத்தும்போது நோயாளி தன் வலியைச் சொல்லியே தீரவேண்டும். குத்துகிறதா, எரிகிறதா, விறைக்கிறதா, இல்லாத பாதத்திலே வலிக்கிறதா என்பதைக் கொண்டுதான் திருத்துபவர் எங்கே சீவுவது, எங்கே நிரப்புவது என்று முடிவு செய்கிறார். மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைத் தேடிப்பிடித்து, “நோகுதாம்” என்ற ஒரு சொல்லாக அதனைச் சுருக்கினால் கால் பொருந்துமா?

அங்கவீனரின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் உறுதிசெய்தது. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017இல் சேர்ந்தது. பாதிக்கப்பட்டோரின் புனர்வாழ்வுக்கு உதவுவதும் அவ்வுடன்படிக்கை கூறுங் கடமையே. கடதாசியில் குறையில்லை.

எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு விவாதத்துக்கு வரும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போகட்டும். மாற்றுக் கால்களுக்கும் மெத்தைகளுக்கும் ஆண்டுதோறும் ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு? மாங்குளத்திலும் பிற இடங்களிலும் யந்திரங்களைத் திருத்த நிரந்தரமாக நியமிக்கப்பட்டவர் யார்? துணுக்காயிலிருந்தும் கொக்கிளாயிலிருந்தும் பஸ்ஸேற முடியாதவரிடம் பட்டறை வண்டி எப்போது போகும்? விடைகள் கிடைத்ததும் அவற்றை இப்பத்திரிகையில் அப்படியே வெளியிடுவோம்.