நாணத்துக்கு உயிரை விலை கொடுப்பதா?

சம்பளத்தில் ஒரு காசு குறைந்தாலும் கேட்கிறோம். பால் நிறுவையில் தவறு நேர்ந்தால் ஆபீசு வாசலில் போய் நிற்கிறோம். ஆனால், நம் தாய்மார்கள் தங்கள் உடலில் தோன்றும் ஒரு நோயைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. நாணம் தடுக்கிறது. உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாதலால் இதனை ஒளிவு மறைவின்றி எழுதுகிறோம்.

பெண்ணின் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியிலும் புற்றுநோய் வரும். அபூர்வமான நோய்தான். பெரும்பாலும் மாதவிடாய் நின்ற, வயது முதிர்ந்த பெண்களுக்கே வருகிறது. இளவயதினருக்கு வராது என்பதில்லை. மருந்துக்கு அடங்காத அரிப்பு, ஆறாத புண், கட்டி அல்லது மருப் போன்ற தடிப்பு, தோல் வெளுத்தோ சிவந்தோ கறுத்தோ மாறுதல், மாதவிடாய்க்குச் சம்பந்தமில்லாத இரத்தக் கசிவு, சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், தொடை இடுக்கில் நெறிகட்டுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று நடுங்க வேண்டாம். பல வேளைகளில் சாதாரண நோயாகவே இருக்கும். ஆனால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் நேரில் பார்த்துச் சோதித்த மருத்துவரே.

இங்குதான் தவறு நடக்கிறது. 'அரிப்பு' என்று மட்டும் சொல்லிக் களிம்பு வாங்குகிறார்கள். கொடுப்பவரும் பார்க்காமலே கொடுத்துவிடுகிறார். மாதங்கள் ஓடிவிடுகின்றன. காரணம் விளங்காத கட்டி, புண், இரத்தக் கசிவு இருந்தால் காலம் கடத்தாமல் பெண்நோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். அவர் சிறு தசைத்துண்டு எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியும். கருப்பை வாய்க்குச் செய்யும் 'பாப்' சோதனை நல்லபடி இருந்தது என்பதால் இந்நோய் இல்லை என்று ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே கண்டால் அறுவைச் சிகிச்சையால் குணமடையும் வாய்ப்பு மிகுதி. நெறிகளுக்குப் பரவிவிட்டால் சிகிச்சை கடினம்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட்தான். நிபுணருக்கான கடிதத்தையும் அங்கேயே பெறலாம். பெண் மருத்துவர் வேண்டும் என்றும், தாதி உடனிருக்க வேண்டும் என்றும் தயங்காமல் கேளுங்கள்.

கூலி போய்விடுமே என்று அஞ்ச வேண்டாம். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு; 2023 முதல் இது தனிக் கணக்கு. மருத்துவர் சான்று பெற்று, 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை: சான்றைப் பதிவு செய்யுங்கள், பெரட்டில் பலர் முன் நோயின் பெயரைக் கேட்காதீர்கள். ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: மனைவியோ தாயோ ஆஸ்பத்திரி என்றால், ஏன் என்று குடையாமல் உடன் செல்லுங்கள்.

சகோதரிகளே! கூலிக்காகக் கேட்கப் பழகிய நாம் உயிருக்காகவும் கேட்கப் பழகுவோம். மேற்சொன்ன அடையாளம் எது இருந்தாலும் இந்த வாரமே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.