பஞ்ச் குடிக்கிறோம், பஞ்சமரை என்ன செய்கிறோம்?

லண்டன் ரூட்டிங்கில் நான் இருக்கும் இடத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் புதிதாக ஒரு கொக்ரெயில் பார் திறந்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை நண்பர் ஒருவருடன் போய்ப் பார்த்தேன். மங்கல் வெளிச்சம், உயரக் கதிரைகள், கை முழுக்கப் பச்சை குத்தின பெடியன் ஒருவன் ஐஸ் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தான். மெனுவில் 'சிலோன் அரக் பஞ்ச்' என்று ஒன்று இருந்தது. விலை 13 பவுண். அதற்குக் கீழே, தென்னை உச்சியில் கயிற்றில் நடந்து கள் இறக்குகிறவர்களைப் பற்றி இரண்டு வரி புகழ்ச்சி.

சாமான் நல்லாத்தான் இருந்தது. நண்பருக்கோ ஒரே புளுகம். "பாத்தியளே, எங்கட சாராயத்துக்கு வெள்ளைக்காரன் குடுக்கிற மரியாதையை!" என்றார்.

வெள்ளைக்காரனுக்கு இது புதிசில்லை. கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல்காரர் 17 ஆம் நூற்றாண்டிலேயே எங்கட கடற்கரைகளில் சாராயம் குடிக்கப் பழகிவிட்டார்கள். 1632 இல் கம்பனி ஆள் ஒருவர் எழுதிய கடிதத்திலேயே 'பஞ்ச்' என்ற சொல் வருகிறது. சாராயம், சீனி, தேசிக்காய், தண்ணீர், வாசனைச் சரக்கு என்று ஐந்து சேர்வதால் 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

அதே 'பஞ்ச' எங்கட ஊரில் வேறொரு சொல்லிலும் இருக்கிறது. பஞ்சமர். கள்ளுச் சீவுகிறவர்களும் அதற்குள்தான் அடக்கம்.

மெனுவில் இருந்தது தெற்கின் தென்னஞ்சாராயம். எங்கட பக்கம் பனை. காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கவேண்டும். தவறி விழுந்தால் அந்தக் குடும்பமே விழுந்தது. எங்கட அப்பு பின்னேரத்தில் வேலிக்கரையில் குந்தியிருந்து பிளாவில் கள்ளு வாங்கிக் குடிப்பார். கள்ளு வார்த்தவர் எங்கட கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ள ஏலாது. அவர் இறக்கின கள்ளில் தீட்டு இல்லை, அவர் கை பட்ட தண்ணீரில் தீட்டு! இந்தக் கணக்கை எனக்கு இன்றுவரைக்கும் ஒருவரும் விளங்கப்படுத்தவில்லை.

1957 இலேயே சட்டம் வந்தது. ஆனால் தேநீர்க் கடையில் சமமாக இருந்து ஒரு பிளேன் ரீ குடிக்க 1966 இலும் ஊர்வலம் போக வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கோயில் வாசலில் 1968 இல் என்ன நடந்தது என்பது எங்கட வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லமாட்டோம்.

'அதெல்லாம் பழைய கதை, இங்க வந்து எல்லாரும் அகதிதானே' என்பார்கள். விசா எடுக்கும்போது எல்லாரும் அகதிதான். கலியாணப் பேச்சு வந்தால்தான் தெரியும். பெடியன் டொக்டர், பெட்டை எக்கவுண்டன், இரண்டும் லண்டனில் பிறந்ததுகள். அப்படியிருந்தும் ஊருக்கு ரெலிபோன் போகும், "அவை என்ன ஆக்கள்?" என்று. அதே வீட்டு மேசையில் சாராயப் போத்தல் பெருமையோடு நிற்கும்.

பெருமைப்படவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கள்ளும் சாராயமும் எங்கட பண்பாடு என்றால் மரத்தில் ஏறினவரும் எங்கட ஆள்தான். முன்பின் தெரியாத ஒரு பார்க்காரன் தன்ர மெனுவில் இரண்டு வரியாவது அவருக்கு ஒதுக்கியிருக்கிறான். எங்கட ஊர்ச்சங்க மலர்களில் அந்த மனிசர்களுக்கு எத்தனை வரி இருக்கிறது? சங்கத் தலைவராக அவர்களில் எத்தனை பேரை இருத்தியிருக்கிறோம்? கிளாசைத் தூக்குவதற்கு முதல் இதற்கொரு பதில் சொல்லுங்கோ.