புதிய இலிகிதர்கள்

வடமராட்சி இளைஞரிடையே இன்று ஒரு புதிய உபதேசம் பரப்பப்படுகின்றது. ஏதேனும் ஒரு வணிக மென்பொருள் தளத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அதன் சான்றிதழைப் பெறுங்கள். வெளிநாட்டுச் சம்பளம் வீடு தேடி வரும் என்கிறார்கள். பொதுவான கணினி அறிவு வேண்டுமென்பது பேராசிரியர்களின் பழம்பாட்டாம். ஒன்றிலே நிபுணனாவதுதான் பிழைக்கும் வழியாம். உடுப்பிட்டியில் நெடுங்காலம் ஆசிரியத் தொழில் பார்த்த எனக்கு இந்த உபதேசம் புதிதாகத் தோன்றவில்லை. நம் பாட்டன்மாரும் இதைக் கேட்டவர்களே.

ஆங்கிலேயர் ஆட்சியில் யாழ்ப்பாணம் ஏற்றுமதி செய்த தலையாய பண்டம் புகையிலையன்று, இலிகிதர். ஆங்கிலமும் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கணக்குப் பதிவும் கற்று, கொழும்புக்கும் மலாயாவுக்கும் நம்மவர் அள்ளுண்டு போயினர். கல்வீடுகள் எழுந்தன, சீதனம் ஏறிற்று. அந்தத் திறமை மெய்யான திறமைதான். ஆனால் அது செல்லுபடியாகும் இடத்தை வகுத்தவன் வேறொருவன். 1956இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அரசாங்க மேசையில் இருந்தவன் சிங்களம் கற்க வேண்டும், அன்றேல் விலக வேண்டும் என்றாயிற்று. அவனுடைய கையெழுத்தின் அழகு குறையவில்லை. கணக்கிலே பிழை நுழையவில்லை. வாசலின் திறப்பு மாற்றான் கையிலிருந்தது, அவ்வளவே. அச்சட்டம் ஓர் இனவாத அநீதி. ஒரு கொம்பனியின் வியாபார முடிவை அதற்குச் சமமாக நான் வைக்கவில்லை. எனினும், பிறன் வாசலில் மட்டும் செல்லும் திறமையின் கதி யாதென்பதை நமக்கு எவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி இத்தளங்களின் இயல்பைப் பார்ப்போம். ஐ.பி.எம். நிறுவனத்திலிருந்து விலகிய ஐவர் 1972இல் ஜேர்மனியில் தொடங்கியது எஸ்.ஏ.பி. கணக்கு, களஞ்சியம், கொள்வனவு, சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒன்றாகப் பிணைத்தமை அதன் சாதனை. அதை மறுப்பது அறியாமை. அத்தளத்துக்கென்றே அபாப் என்றொரு செய்நிரல் மொழி உண்டு. அமெரிக்காவில் 1999இல் தோன்றிய சேல்ஸ்போர்ஸுக்கு ஏபெக்ஸ் என்றொரு மொழி. தத்தம் வீட்டு முற்றத்துக்கு அப்பால் இம்மொழிகளுக்கு வழக்கில்லை. சேல்ஸ்போர்ஸ் சான்றிதழோ, நிறுவனம் விதிக்கும் புதுப்பித்தலைச் செய்யாவிடின் காலாவதியாகிவிடும். பரீட்சைக் கட்டணத்தின் அளவுகோல் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலிருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியபோது, ஒரு தோட்டக்காரன் மகனுக்கு அந்தக் காகிதம் என்ன விலையாயிற்று என்பதை எண்ணிப் பாருங்கள். வரியறவிடும் அதிகாரம் அரசுக்கே உரியதென்று நாம் குடியியற் பாடத்தில் இன்னும் படிப்பித்துக்கொண்டிருக்கிறோம்!

முதலாளி மாறினால் என்ன நேரும்? 2005 ஜனவரியில் பீப்பிள்சொஃப்ற் நிறுவனத்தை ஓரக்கிள் விழுங்கிற்று; சில நாட்களுள் 5,000 பேரை நீக்கப்போவதாக அறிவித்தது.

இதற்கு மறுப்பாகக் கோபோலைக் காட்டுவோர் உளர். 2020 ஏப்ரலில், கொரோனா நோய்க் காலத்தில், நியூ ஜேர்சி மாநில ஆளுநர் கோபோல் தெரிந்தவர்களைத் தேடிப் பகிரங்க வேண்டுகோள் விடுத்தது மெய்யே. வேலையிழந்தோருக்குரிய உதவிப்பணம் நாற்பதாண்டுப் பழைமையான கணினி முறைமையிற் சிக்கிக்கிடந்தது. ஆனால் கோபோல் யாருடைய சொத்து? 1959இல் பல நிறுவனங்களும் அமெரிக்க அரசும் கூடி வகுக்கத் தொடங்கிய பொதுமொழி அது. 1968இல் அந்நாட்டின் தேசிய நியமமாயிற்று. எந்த ஒரு கொம்பனியும் அதை இழுத்து மூடிவிட முடியாமையாற்றான் முதியவர்களின் அறிவு அறுபதாண்டு கழித்தும் தேடப்பட்டது. எதிராளி அழைத்துவந்த சாட்சி நம் பக்கமே பேசுகின்றது.

என் பழைய மாணவன் ஒருவன் கொழும்பு நிறுவனமொன்றின் சம்பளப் பட்டியலைத் தன் வீட்டு முன்னறையிலிருந்தே கவனிக்கிறான். மாத முடிவில் அவனுக்கு உறக்கமில்லை. அவன் உழைப்பில் தங்கை பல்கலைக்கழகம் போனாள். ஆதலால் அவனைப் பழிப்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு 8, முதலாளியின் பங்கு 12. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி மேலும் 3 செலுத்தவேண்டும். இக்கணக்கையும் இதன் பின்னாலுள்ள சட்டத்தையும் அறிந்தவன் எத்தளத்துக்கும் தன் அறிவை எடுத்துச் செல்லலாம். ஆனால் அவனுக்குப் பயிற்றுவிக்கப்பட்டது அதுவன்று. “சேர், எந்த இடத்திலை அமத்த வேணும் எண்டு எனக்குத் தெரியும், ஏன் அமத்த வேணும் எண்டு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை” என்றான். செம்புத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரான ஹரி பிறேவர்மன், 1974இல் வெளிவந்த ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்னும் தம் நூலில் ஆராய்ந்தது இதனையே. சிந்தனையை ஓரிடத்திலும் செய்கையை வேறோரிடத்திலும் பிரித்து வைத்தால், செய்பவன் மலிவாகிவிடுகிறான். நிபுணன் என்ற பட்டம் அந்த மலிவை மறைக்கும் சால்வையாயிற்று.

பொதுமையின் பெயரால் நுனிப்புல் மேய்வோருக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. பத்து மொழிகளின் பெயரை விண்ணப்பத்தில் அடுக்குகிறவன், பேரேட்டில் பற்று எது, வரவு எது என்றறியான். அத்தகையவன் எழுதிக் கொடுத்த மென்பொருளை நம்பி, கையிருப்புக் கணக்கு ஒவ்வாமல் நடு இரவில் மூடை எண்ணிய கடைக்காரரை நான் கண்டிருக்கிறேன்.

அயலூராகிய வல்வெட்டித்துறையை நினையுங்கள். அங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதைக் கட்டிய மேத்திரிமாரும் நிபுணர்களே. வேறெதையும் செய்யாது கப்பலே கட்டியவர்கள். ஆனால் வாய்ச்சியும் உளியும் அவர்களுடையவை. மரத்தின் குணமும் அலையின் குணமும் அவர்கள் அறிவிலிருந்தன. அந்த உளிக்கு ஆண்டுதோறும் எவனும் அனுமதிச் சீட்டு விற்கவில்லை.

2013இல் உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவு வந்தது. அதைப் படிப்பிக்கும் ஆசிரியர்களை ஒன்று கேட்கிறேன். இன்றைய வணிகத் தளங்களிற் பெரும்பாலானவற்றின் அடியிலே கிடப்பது, எட்கர் கொட் 1970இல் வகுத்த தொடர்புசார் தரவுத்தளக் கோட்பாடு. அதனையும் இரட்டைப் பதிவுக் கணக்கையும் ஒருசேரப் படிப்பிக்க என்ன தடை? மும்பையில் ஆக்கப்பட்ட இ.ஆர்.பி.நெக்ஸ்ற் என்னும் வணிக மென்பொருளின் மூலநிரலை எவரும் திறந்து படிக்கலாம். அதைக் குடைந்து பார்க்கட்டும். பிறகு ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் களஞ்சியப் பேரேட்டைத் தமிழிலேயே நடத்தும் ஒரு மென்பொருளை மாணவர்கள் தாமே ஆக்கட்டும். பிழை வந்தால் சங்கத்து முகாமையாளரே வந்து திட்டட்டும்.

சனிக்கிழமைகளில் உதவிக்கு வருவதாக அந்தப் பழைய மாணவன் சொல்லியிருக்கிறான். முதல் வாரம் பற்றும் வரவும். கணினி அடுத்த வாரம்.