‘கேட்டால் தரப்படும்’ என்ற பொய்யை இனி அச்சிடாதீர்கள்

சென்ற மாதம் ஓர் ஆய்வு மாணவி நம் அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு ஃபைல். அதில் பதினோரு மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதிகளைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டு வைத்திருந்தார். உப்பு ஏறிய மண்ணில் தாக்குப்பிடிக்கும் நெல்லின் வேரில் எந்தெந்த மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன என்பது அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தேடியபோது, அவர் எடுத்துக்கொண்ட அதே ரகத்தில், ஏறக்குறைய அதே கேள்வியோடு செய்யப்பட்ட ஒரு கட்டுரை கிடைத்திருக்கிறது. படங்கள் தெளிவு, முடிவுகள் உறுதி. கட்டுரையின் கடைசியில், நன்றியுரைக்குச் சற்று மேலே ஒரு வரி: இந்த ஆய்வின் தரவுகளை, நியாயமான கோரிக்கையின் பேரில், தொடர்புக்குரிய கட்டுரையாளரிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம்.

கேட்டார். முதல் மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. நான்காவது, அப்படியொரு முகவரியே இல்லை என்று திரும்பி வந்தது. இரண்டாவது பெயராக இருந்தவரைத் தேடிப் பிடித்து எழுதினார். அவர் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருந்தார், “சாரிடம் கேளுங்கள்” என்றார். சார் ஓய்வு பெற்றிருந்தார். யார் யாரிடமோ கேட்டு அவருடைய கைப்பேசி எண்ணை வாங்கிப் பேசியபோது கிடைத்த பதில் இது: “அந்த ஹார்டு டிஸ்க் எப்பவோ போயிடுச்சும்மா.” இதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. ஒரு நடவு போயிற்று.

இதை அந்தப் பெண்ணின் போதாத காலம் என்று தள்ளிவிட முடியாது. 2019 ஜனவரியில் பயோமெட் சென்ட்ரல் நிறுவனத்தின் ஆய்விதழ்களில் வெளியான கட்டுரைகளை குரோஷிய ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 1,792 கட்டுரைகள், கேட்டால் தரவைத் தருவோம் என்று எழுத்தில் உறுதி கூறியிருந்தன. அத்தனை பேருக்கும் எழுதிக் கேட்டார்கள். 1,670 பேர் பதில் போடவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். தந்தவர்கள் 122 பேர். நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. 2022இல் இந்த முடிவு வெளிவந்த பிறகும் அந்த வரி ஆய்விதழ்களில் மாதந்தோறும் அச்சாகிக்கொண்டேதான் இருக்கிறது.

இதற்குப் பொய் என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. ஒரு கடைக்காரர் வாசலில் ‘பொருள் உண்டு’ என்று பலகை மாட்டி, உள்ளே போகிறவர்களில் நூற்றில் தொண்ணூற்று மூன்று பேரை வெறுங்கையோடு அனுப்பினால் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்வோம். ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களோ அந்தப் பலகையைத் தாங்களே எழுதித் தருகின்றன. கட்டுரை அனுப்பும் படிவத்தில் தயார் வாசகமாக அதை வைத்து, ஒரு கட்டத்தில் குறியிட்டால் போதும் என்று விட்டிருக்கிறார்கள். குறியிட்ட கட்டுரையாளருக்கு அது நினைவில் இருப்பதில்லை. ஒப்புதல் கொடுத்த ஆசிரியர் அதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

மூலக்கூறு உயிரியலில் இதை மன்னிக்கவே முடியாது. காரணம், தரவைப் பொதுவில் வைப்பது எப்படி என்று மற்ற அறிவியல்களுக்குக் கற்றுக்கொடுத்த துறையே இதுதான். 1965இல் மார்கரெட் டேஹாஃப் அன்றைக்குத் தெரிந்திருந்த 65 புரதங்களின் வரிசைகளைத் திரட்டிப் புத்தகமாகவே போட்டார். 1971இல் புரதத் தரவு வங்கி ஏழே ஏழு கட்டமைப்புகளோடு தொடங்கியது. 1982இல் மரபணு வரிசைகளுக்கான ஜென்பேங்க் வந்தது. அதற்குப் பிறகு அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்று இடத்துக் கிடங்குகளும் தங்களுக்குள் அன்றாடம் பரிமாறிக்கொண்டு, ஓரிடத்தில் சேர்த்ததை மற்ற இரண்டிலும் கிடைக்கச் செய்தன. 1996இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத் தொகுதித் திட்டத்தினர், படித்த வரிசைகளை 24 மணி நேரத்துக்குள் வெளியிடுவதென்று முடிவெடுத்தார்கள். வரிசையைக் கிடங்கில் ஒப்படைத்து அதற்கான அடையாளமாக அக்சஷன் எண் வாங்காமல் கட்டுரையை ஏற்கமாட்டோம் என்று நல்ல ஆய்விதழ்கள் கறாராக நின்ற காலம் அது. அந்தக் கறார்தான் இந்தத் துறையை வளர்த்தது. தன்னை உருவாக்கியவர்களுக்கு 2024இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு வாங்கித் தந்த, புரத வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு, புரதத் தரவு வங்கியில் உலகமெங்கும் உள்ள ஆய்வகங்கள் ஐம்பது ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த கட்டமைப்புகளைப் படித்துத்தான் கற்றது. அவையெல்லாம் ஆளுக்கொரு மேசை இழுப்பறையில் ‘கேட்டால் தரப்படும்’ என்று கிடந்திருந்தால் அது பிறந்தே இருக்காது.

2020 ஜனவரி இரண்டாம் வாரத்தை நினைத்துப் பாருங்கள். சீனாவின் சாங் யோங்சென் குழு படித்த புதிய கொரோனா வைரஸின் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. தடுப்பூசி வடிவமைப்பு அந்த எழுத்துகளை வைத்துத் தொடங்கியது. நியாயமான கோரிக்கை வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் எத்தனை வீடுகளில் இன்னும் எத்தனை படங்களுக்கு மாலை விழுந்திருக்கும்?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்த ஒழுங்கீனத்தைப் பார்ப்பது கூடுதல் வேதனை. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோ.நா. ராமச்சந்திரன் தம் மாணவர்களோடு வரைந்த படம், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்று காட்டியது. இன்றைக்கும் புரதத் தரவு வங்கிக்கு வரும் கட்டமைப்புகள் அந்த ராமச்சந்திரன் வரைபடத்தை வைத்துச் சோதிக்கப்படுகின்றன; தடம் புரண்ட கோணங்கள் எத்தனை என்று சோதனை அறிக்கையில் எண்ணோடு அச்சாகிறது. அடுத்தவர் செய்ததைச் சரிபார்க்க உலகத்துக்கே அளவுகோல் தந்த ஊர் இது. அந்த ஊரில் தங்கள் வேலையை அடுத்தவர் சரிபார்க்க இடம் கொடாமல் பட்டம் வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பட்டத்தில் கையெழுத்திடும் கை கூச வேண்டாமா?

தரவு கிடைத்துவிட்டால் மட்டும் நிம்மதியா? அதையும் பார்ப்போம். கட்டுரையோடு இணைப்புக் கோப்பாக வரும் எக்செல் பட்டியல்களை நாமே சிலவற்றைத் திறந்து பார்த்தோம். மரபணுப் பெயர்கள் வரிசையாக வரும் முதல் பத்தியில், நடுவில் ‘2-செப்’ என்று ஒரு தேதி உட்கார்ந்திருக்கிறது. ‘செப்ட்2’ என்ற மரபணுவை எக்செல் செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொண்டு தானாகவே மாற்றியிருக்கிறது. இன்னும் சில வரி தள்ளி ‘1-மார்’ என்று இருக்கிறது. அதற்குக் கீழே மறுபடியும் ‘1-மார்’. இங்கேதான் வயிறு எரிகிறது. ‘மார்ச்1’ என்று ஒரு மரபணு, ‘மார்க்1’ என்று வேறொரு மரபணு. எக்செல் இரண்டையுமே மார்ச் 1 ஆக்கிவிடும். எந்த வரி எந்த மரபணுவுக்கு உரியது என்று இனி யாராலும் அந்தக் கோப்பிலிருந்து சொல்ல முடியாது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 2004இலேயே இதை எழுதி எச்சரித்துவிட்டார்கள். 2016இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் எக்செல் மரபணுப் பட்டியல் கொண்ட 3,597 கட்டுரைகளைச் சோதித்தபோது 704இல் இந்தப் பிழை இருந்தது, ஐந்தில் ஒன்று. 2021இல் மீண்டும் 11,117 கட்டுரைகளைச் சோதித்தார்கள். இந்த முறை 30.9 சதவீதம்! எச்சரித்த பிறகு பிழை கூடியிருக்கிறது. கடைசியில் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 2020இல் இறங்கிவந்து, ‘செப்ட்’ வரிசையைச் ‘செப்டின்’ என்றும், ‘மார்ச்’ வரிசையை ‘மார்ச்எஃப்’ என்றும் மாற்றியது. மைக்ரோசாஃப்ட் 2023இல் இந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்திவைக்க ஒரு வசதி தந்தது. மரபணுக்களே பெயரை மாற்றிக்கொண்டன. ஒரு பத்தியை மேலிருந்து கீழாக ஒரு தடவை படித்துப் பார்க்க நம் கட்டுரையாளர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் நேரமில்லை. பழைய கட்டுரைகளில் அந்தத் தேதிகள் அப்படியே கிடக்கின்றன. தேடுகிறவர் ‘செப்டின்2’ என்று தேடினால் அந்தக் கட்டுரை அவர் கண்ணில் படாது.

‘எங்கள் ஆய்வகத்தின் தளத்தில் வைத்திருக்கிறோம்’ என்பது இன்னொரு வகை வாக்குறுதி. மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் அந்தத் தளத்துக்குச் சந்தா கட்ட ஆள் இருக்காது. 1997இல் பட்டியலில் இருந்த 326 உயிரியல் தரவுத்தளங்களைப் பதினெட்டு ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தவர்கள், 62 சதவீதத்துக்கும் மேல் மாண்டுபோயிருந்ததைக் கண்டார்கள்.

ஏன் ஒப்படைக்கவில்லை என்று நெறியாளர்களைக் கேட்டால் சொல்லும் காரணங்கள் நமக்குத் தெரியும். வேறு யாராவது முந்திக்கொள்வார்கள் என்பது ஒன்று. ஆனால் ஜீன் எக்ஸ்பிரஷன் ஆம்னிபஸ் என்ற பொதுக் கிடங்கில் ஒப்படைத்த தரவைக் கட்டுரை வெளியாகும்வரை பூட்டியே வைக்கலாம்; மதிப்பீட்டாளருக்கு மட்டும் தனிச் சாவி கொடுக்கலாம். செலவாகும் என்பது இன்னொன்று. ஒப்படைக்கக் கட்டணமே கிடையாது. நோயாளிகளின் தனியுரிமை என்பது மூன்றாவது. இது மதிக்கவேண்டிய காரணம். அதற்கென்றே, குழு ஒப்புதல் பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டும் திறக்கும் கட்டுப்பாட்டுக் கிடங்குகள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. நெல்லின் வேருக்கு அந்தக் காரணமும் பொருந்தாது.

நம் நாட்டில் விதி இல்லை, இடம் இல்லை என்றும் சொல்ல முடியாது. உயிர்த்தொழில்நுட்பத் துறை 2021இல் ‘பயோடெக்-பிரைடு’ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பொதுப் பணத்தில் உருவான தரவு பகிரப்பட வேண்டும் என்பதே அதன் சாரம். 2022 நவம்பரில் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நான்கு பெட்டாபைட் கொள்ளளவு. பத்தாயிரம் இந்தியர்களின் மரபணுத் தொகுதிகள் 2025 ஜனவரி முதல் அங்கே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன. களஞ்சியம் கட்டியாயிற்று. நெல்லைக் கொண்டுவந்து கொட்ட வேண்டியவர்கள் வீட்டுத் திண்ணையில் குவித்துவைத்து எலிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் மாணவர்களைக் குறைசொல்ல நமக்கு மனமில்லை. முனைவர் பட்டத்துக்கு எத்தனை கட்டுரை வந்திருக்கிறது என்று எண்ணும் பல்கலைக்கழகம், அந்தக் கட்டுரைகளின் தரவு எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை. வாய்மொழித் தேர்வில் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்கும் தேர்வாளர், அக்சஷன் எண்ணைத் திரையில் தட்டி ஒருமுறை திறந்து காட்டச் சொல்வதில்லை. கேட்காததைக் கொடுக்க மாணவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. குற்றம் நெறியாளர் அறையிலும், ஆசிரியர் குழுவின் மேசையிலும், பணம் கொடுத்துவிட்டுக் கணக்குக் கேட்காத நிதி அமைப்புகளிலும் இருக்கிறது.

செய்ய முடியாத காரியத்தை நாம் கேட்கவில்லை. ‘மாலிக்யுலர் பிரெயின்’ ஆய்விதழின் தலைமை ஆசிரியர் சுயோஷி மியாகவா அதைச் செய்து காட்டினார். 2017 தொடக்கத்திலிருந்து 2019 செப்டம்பர்வரை தம்மிடம் வந்த கட்டுரைகளில் 41க்கு, மதிப்பீட்டுக்கு அனுப்பும் முன்பே மூலத் தரவைக் கேட்டார். 21 கட்டுரைகளை எழுதியவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மீதி இருபதில் 19இல் தந்த தரவு போதவில்லை, நிராகரித்தார். ஓர் ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டதில் நாற்பது கட்டுரைகள் நின்றுபோயின. கேட்காத ஆசிரியர்களின் கைவழியே எத்தனை கடந்துபோயிருக்கும் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே சொல்கிறோம். ஆய்விதழ்கள் அந்தத் தயார் வாசகத்தைத் தங்கள் படிவங்களிலிருந்து இன்றைக்கே நீக்க வேண்டும். அக்சஷன் எண் இல்லாத வரிசைத் தரவுக் கட்டுரை மதிப்பீட்டுக்கே போகக் கூடாது. தனியுரிமை காரணமாகத் திறக்க முடியாதென்றால், எந்தக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், எத்தனை நாளில் பதில் வரும் என்று எழுத வேண்டும். ஒரு தனிமனிதரின் மின்னஞ்சல் முகவரி அதற்குப் பதிலாகாது. எக்செல் கோப்பாக வரும் மரபணுப் பட்டியலைத் தேதிப் பிழைக்குச் சோதிக்கச் சில நிமிடங்கள் போதும். அதைக்கூடச் செய்யாத இதழ், தரச் சோதனை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நம் பல்கலைக்கழகங்கள், ஆய்வேட்டை ஏற்கும் முன் தரவு எங்கே ஒப்படைக்கப்பட்டது என்ற சான்றைக் கட்டாயமாக்க வேண்டும். நிதி தரும் துறைகள், பழைய திட்டத்தின் தரவு களஞ்சியத்துக்கு வந்து சேரும்வரை அதே நெறியாளருக்குப் புதிய திட்டம் தரக் கூடாது. விதியைத் தாளில் வைத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுக்கட்டும்.

ஏற்கெனவே அச்சானவற்றுக்கும் பொறுப்பு உண்டு. அந்த வரியோடு கட்டுரை வெளியிட்ட ஒவ்வொருவருக்கும் ஆய்விதழ்கள் எழுத வேண்டும். தரவு இருக்கிறதென்றால் ஒப்படைத்து, எண்ணோடு திருத்தக் குறிப்பு வெளியிடட்டும். ஹார்டு டிஸ்க் போய்விட்டதென்றால் அதையும் அதே இடத்தில் அச்சிடட்டும்: இக்கட்டுரையின் தரவு இப்போது எவரிடமும் இல்லை. அப்படி ஒரு வரி அங்கே இருந்திருந்தால் அந்த மாணவி முதல் நாளே புரிந்துகொண்டு, சென்ற நடவிலேயே நாற்று விட்டிருப்பார்.