ஏழு நாளில் இரண்டு தீவா?

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்ஆப் குழுவில் போன மாதத்திலிருந்து ஒரு விளம்பரம் சுற்றிக்கொண்டிருக்கிறது. "மொரிசியஸ், ரெயூனியன். 6 இரவு, 7 பகல். இரண்டு தீவு, ஒரே செலவு." நீலக் கடல், வெள்ளை மணல், சாய்வு நாற்காலியில் ஒரு ஜோடி. ஐந்தாறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள். மூன்று பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "நீங்க ரெண்டு தீவும் பார்த்தவராச்சே சார், பணம் கட்டலாமா?" என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை. ஆகவே இங்கே எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மொரிசியஸுக்குப் போங்கள். அல்லது ரெயூனியனுக்குப் போங்கள். ஏழு நாளில் இரண்டுக்கும் போகாதீர்கள். நம் வயதில் அப்படிப் போவது பணத்துக்கும் கேடு, முழங்காலுக்கும் கேடு. அதோடு, நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தீவுகளோடு இருக்கிற உறவுக்கு அது மரியாதையும் ஆகாது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். அலுவலகத்தில் பல வருஷம் பயணப்படி பில்களைச் சரிபார்த்தவன் நான். ஒரு பில் வந்தால் தொகையைப் பார்க்க மாட்டேன். புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம் என்ற இரண்டு கட்டங்களைத்தான் முதலில் பார்ப்பேன். இந்த ஏழு நாளையும் அப்படியே பாருங்கள்.

முதல் நாள்: வீட்டிலிருந்து சென்னை விமான நிலையத்துக்கே மூன்று மணி நேரம். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டும். பறந்து போய் மொரிசியஸ் இறங்கி, பெட்டி எடுத்து, ஓட்டல் அறையைத் திறக்கும்போது அந்த நாள் முடிந்தது. ஏழாம் நாள் திரும்பும் நாள், அதுவும் போயிற்று. நான்காம் நாள் ரெயூனியனுக்குத் தாண்டும் நாள். விமானம் பறப்பது முக்கால் மணி நேரம்தான் என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. வாஸ்தவம். ஆனால் காலையில் அறையைக் காலி செய்து, பெட்டி கட்டி, விமான நிலையம் போய்க் காத்திருந்து, அங்கே இறங்கிக் குடியேற்ற வரிசையில் நின்று, வேறொரு ஓட்டலில் அறைச் சாவி வாங்குவதற்குள் மாலை ஆகிவிடும். முக்கால் மணி நேரப் பறத்தலுக்கு ஒரு முழுப் பகல் செலவு. மிச்சம் நாலு நாள். தீவுக்கு இரண்டு நாள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். திரும்பும் விமானம் மொரிசியஸிலிருந்து. ஆக, நீங்கள் கடலைத் தாண்டுவது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கடைசி நாள் ரெயூனியனிலிருந்து கிளம்பும் சின்ன விமானம் தாமதமானால், சென்னை விமானம் உங்களுக்காக நிற்காது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் காலம். பேரப்பிள்ளைகளுக்கு லீவு என்று டிசம்பரில் கிளம்புகிறவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

அப்புறம் சில்லறைத் தொல்லைகள். மொரிசியஸில் அவர்கள் ரூபாய், ரெயூனியனில் யூரோ. மொரிசியஸில் நம்மைப் போல இடப்பக்கம் வண்டி ஓட்டுவார்கள், ரெயூனியனில் வலப்பக்கம். ரெயூனியன் பிரான்சின் மாவட்டம்தான். ஆனால் ஷெங்கன் வட்டத்தில் இல்லை. பிள்ளையைப் பார்க்கப் பாரீஸ் போக வாங்கிய விசா பாஸ்போர்ட்டில் இருக்கிறதே என்று நம்பிப் போகாதீர்கள். நம்மூர் சொல்தா குடும்பங்களில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது சொந்த நாடு. என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் விதி என்ன என்று ஏற்பாடு செய்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

"சார், ரெண்டு நாள் போதாதா? தீவுதானே, சுற்றினால் முடிந்தது" என்கிறார் ஒரு நண்பர். மொரிசியஸ் 65 கிலோமீட்டர் நீளம், 45 அகலம். அதைக்கூடக் காரில் சுற்றிவிடலாம் என்று வையுங்கள். ரெயூனியன் அப்படியில்லை. 2,512 சதுர கிலோமீட்டரும் கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கிற மலை. பித்தோன் தெ நேஜ் சிகரம் 3,070 மீட்டர். நம் தொட்டபெட்டாவை விட உயரம். உள்ளே சிலாவோஸ் என்ற ஊருக்குப் போகும் பாதையில் 400 வளைவு என்று அந்த ஊர்க்காரர்களே பெருமையாகச் சொல்வார்கள். ஏற்காடு மலைப்பாதையிலேயே வாந்தி எடுக்கிறவர்கள் நம் குழுவில் யார் யார் என்று எனக்குத் தெரியும். மாஃபாத் என்ற பள்ளத்தாக்குக்குச் சாலையே கிடையாது. நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். எரிமலை பார்க்க விடியுமுன் கிளம்ப வேண்டும். காலை ஒன்பது பத்து மணிக்குள் மேகம் ஏறி மூடிவிடும். இன்று மூடினால் நாளை போகலாம் என்கிற வசதி இரண்டு நாள்காரருக்கு இல்லை. அவர் மேகத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

சரி, மலை வேண்டாம், கடலில் கால் நனைத்தால் போதும் என்கிறீர்களா? அதற்கு ரெயூனியனே வேண்டாமே. அங்கே சுறாத் தொல்லையால் 2013 முதல், பவளப்பாறைக்கு உட்பட்ட நீரிலும் காவல் உள்ள சில இடங்களிலும் தவிர கடலில் இறங்கக் கட்டுப்பாடு உண்டு. மொரிசியஸைப் பவளப்பாறை ஏறக்குறைய முழுக்கச் சுற்றியிருக்கிறது. தண்ணீர் குளம் மாதிரி நிற்கும். கால் நனைக்க அதுதான் இடம். இரண்டு தீவும் இரண்டு விதம். இதில் பாதி, அதில் பாதி என்று தட்டில் வாங்குகிற பதார்த்தம் அல்ல.

இனி மரியாதை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். எனக்கு முக்கியமானது இதுதான்.

நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. சுவரில் பிரான்ஸ் தேசப்படம். லுவார் நதி எங்கே பிறக்கிறது, சேன் எங்கே விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ரெயூனியன் அந்தப் படத்தின் மூலையில் ஒரு கட்டத்துக்குள் அடைத்த புள்ளி. அந்தப் புள்ளியில் நம் புதுச்சேரி, காரைக்கால் சனங்கள் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1848ல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. நம் துறைமுகங்களிலிருந்து கப்பல் கப்பலாக ஒப்பந்தக் கூலிகளை ஏற்றினார்கள். கூலிகள் நடத்தப்பட்ட விதம் பொறுக்காமல் 1882ல் ஆங்கிலேய அரசாங்கமே ஆள் அனுப்புவதை நிறுத்தியது. இறங்கியவர்களை நோய் பரவாமல் அடைத்து வைத்த கிராந்த் ஷாலூப் கொட்டடி இன்னும் நிற்கிறது. அந்தச் சனங்களின் வாரிசுகளை அங்கே 'மலபார்' என்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் பேச வராது. ஆனால் தீ மிதிக்கிறார்கள், மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். ராமசாமி என்ற பெயரை அவர்கள் பிரெஞ்சில் எழுதும்போது இரண்டு 'எஸ்' போடுகிறார்கள். நம்மூர் எதா சிவில் பதிவேட்டைப் புரட்டியவர்களுக்கு அந்த எழுத்துக்கூட்டல் புதிதல்ல. ஒரே மாதிரி குமாஸ்தா, ஒரே மாதிரி பேனா. ஒரு பெயர் இங்கே தங்கியது, இன்னொன்று கப்பல் ஏறியது.

மொரிசியஸ் உறவு இன்னும் பழையது. போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டி எழுப்பியவர் மாஹே தெ லபூர்தொனே. 1746ல் சென்னையைப் பிடித்து, பிறகு துய்ப்ளேக்ஸோடு மல்லுக்கு நின்ற அதே ஆள். அவர் கட்டட வேலைக்குக் கைவினைஞர்களை வரவழைத்தது புதுச்சேரியிலிருந்து. பின்னால் ஆங்கிலேயர் காலத்தில், 1834க்குப் பிறகு, இந்தியாவிலிருந்து நாலரை லட்சம் பேருக்குக் குறையாமல் ஒப்பந்தக் கூலிகள் போய் இறங்கினார்கள். அவர்கள் ஏறிய கல்படிகள் உள்ள ஆப்ரவாசி காட், 2006 முதல் உலக பாரம்பரியச் சின்னம். இன்றும் அந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998ல் புது நோட்டில் தமிழையும் இந்தியையும் இடம் மாற்றி அச்சடித்தபோது தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. தைப்பூசத்துக்கு அங்கே அரசு விடுமுறை. சந்தையில் முருங்கைக் கீரையை 'பிரேத் முரூம்' என்று சொல்லி விற்பார்கள். காதில் விழுந்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது.

அந்த விளம்பரத்தின் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். ஆப்ரவாசி காட்டுக்கு அரை மணி நேரம். கடைகளுக்கு மூன்று மணி நேரம். ரெயூனியனில் ஒரு கோயில் பெயர்கூட இல்லை. கிராந்த் ஷாலூப் இல்லவே இல்லை. ஓட்டல் நீச்சல் குளத்தின் படம் மட்டும் நாலு.

சனி, ஞாயிறு நம் ஊருக்கு வருகிறவர்களைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம்? மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள், பாட்டில் வாங்குகிறார்கள், ஊரைப் பார்த்துவிட்டோம் என்று போய்விடுகிறார்கள். குயவர்பாளையம் தெரியாது, முத்தியால்பேட்டை தெரியாது என்று திண்ணையில் உட்கார்ந்து அலுத்துக்கொள்கிறோம். அதே வேலையை நாம் அடுத்தவர் ஊரில், அதுவும் நம் சனங்கள் வியர்வை சிந்திய ஊரில், போய்ச் செய்யலாமா?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "நமக்கு எழுபது தாண்டிவிட்டது. இன்னொரு முறை போகப் போகிறோமா? போகிற ஒரு தடவை இரண்டையும் பார்த்துவிடலாமே." இதைச் சொன்னவர் என் நெருங்கிய நண்பர். இரண்டு தீவுக்கும் பொதுவான சரித்திரம் உண்டு என்பதும் மெய். ஒரே கவர்னரின் கீழ் இருந்தவை. 1814 பாரீஸ் உடன்படிக்கையில்தான் மொரிசியஸ் ஆங்கிலேயரிடம் தங்க, ரெயூனியனும் நம் புதுச்சேரியும் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பின. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அதற்குக் குறைந்தது பன்னிரண்டு நாள் வேண்டும் என்றுதான் சொல்கிறேன். அப்படிப் போவதானால் முதலில் ரெயூனியன் மலை, பிறகு மொரிசியஸ் கடற்கரை என்று வையுங்கள். களைப்பு முதலில், ஓய்வு பின்னால். திரும்பும் விமானமும் அங்கிருந்துதான்.

ஏழு நாள்தான் கையில் இருக்கிறது என்றால், இன்னொரு முறை போக மாட்டோம் என்பதாலேயே ஒன்றை நிதானமாகப் பாருங்கள். பிரெஞ்சு பேச வருமா, படியேற முடியுமா? ரெயூனியன். ஆங்கிலம் போதும், சமதரை வேண்டும், கடலில் இறங்க வேண்டும் என்றால் மொரிசியஸ். ஒரே ஓட்டலில் ஆறு இரவும் படுங்கள். மாத்திரை டப்பாவை மேசை மேல் ஒரு தடவை எடுத்து வைத்தால் கடைசி நாள் பெட்டிக்குள் போட்டால் போதும். ஒரு காலை சந்தைக்கு, ஒரு மாலை கோயிலுக்கு. மழை வந்தால் அறையில் உட்கார்ந்து பாருங்கள், மறுநாள் போங்கள். கோயில் வாசலில் ஒரு கிழவர் 'வணக்கம்' என்று தனக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னால், பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேச உங்களிடம் நேரம் இருக்க வேண்டும். வெளியே வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

பிள்ளைகள் டிக்கெட் போட்டுத் தருகிறார்கள், அவர்கள் சொன்னபடி போகிறோம் என்றும் சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகள் பாசத்தில் செய்கிறார்கள். இரண்டு தீவு என்றால் இரண்டு மடங்கு சந்தோஷம் என்று நினைக்கிறார்கள். அவர்களிடம் வாயைத் திறந்து, "ஒண்ணு போதும்பா, அங்கே ஒரு வாரம் இருக்கோம்" என்று சொல்லுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை முன்பணம் கட்டக் கடைசி நாளாம். கட்டுவதற்கு முன்னால் அந்த நிகழ்ச்சி நிரலை ஒரு முறை, பயணப்படி பில்லைப் பார்க்கிற கண்ணோடு, படித்துப் பாருங்கள்.