கற்றாழைக்குக் குறைவது தண்ணீர் அன்று, வெளிச்சமே

அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரங்களில் நீர்வசதி இல்லாத சிறு விவசாயிக்கு, வேலியோரத்துக் கற்றாழைக் கன்றுகளைப் பிரித்துத் தொட்டியில் வைத்து விற்பது அதிகச் செலவில்லாத உபதொழில். திருப்பூரில் வாங்குவதற்கு ஆள் உண்டு. ஆனால் விற்கும்போது, "நிழலில் வையுங்கள், வாரம் இருமுறை தண்ணீர் ஊற்றுங்கள்" என்று சொல்லி அனுப்பும் வழக்கம் சரியன்று. அப்படி வாங்கியவர் மறுமுறை வரமாட்டார்.

திருஷ்டிக்காக வாசலில் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதைப் பார்த்து, இதற்கு வெயிலே வேண்டாம் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது வளர்ச்சி அன்று. மடலில் சேர்த்து வைத்த நீரைச் செலவிட்டு நாளைக் கடத்துகிறது, அவ்வளவே.

இலையிலிருந்தே குட்டி போடும் ரணகள்ளியின் இலை விடியற்காலையில் புளிக்கும்; நண்பகலில் சப்பென்றிருக்கும். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவர ஆய்வாளர் பெஞ்சமின் ஹேய்ன் இதை வாயிலிட்டுப் பார்த்து 1813-ல் லண்டனுக்குக் கடிதம் எழுதினார். காரணம் பின்னாளில் விளங்கிற்று. இவ்வகைச் செடிகள் நீர் ஆவியாவதைத் தவிர்க்க, இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுத்துப் புளிப்பாகச் சேமிக்கின்றன. பகல் வெளிச்சத்தில் அந்தப் புளிப்பு சர்க்கரையாக மாறுகிறது. கற்றாழையும் இவ்வாறே. வெளிச்சம் இல்லையெனில் சேமித்தது பயன்படுவதில்லை. மடல் மெலிந்து, வெளுத்து, நீண்டு சாய்கிறது. செடி குடிக்காத தண்ணீர் தொட்டியில் தேங்கி வேர் அழுகுகிறது. வீட்டார் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுகின்றனர்!

லைன் வீடுகளில் இந்தக் குறை அதிகம். இரு பக்கமும் பொதுச்சுவர்; முன்புறம் ஒரு கதவு, ஒரு ஜன்னல். வெட்டவெளியில் நண்பகல் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். டியூப்லைட் எரியும் அறையிலோ 200, 300 லக்ஸ்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது செடிக்கு இருட்டு. பகலில் விளக்கை அணைத்துவிட்டு, செடிக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் கையை நீட்டினால் நிழல் தெளிவாக விழவேண்டும். நிழலே விழாத மூலையில் கற்றாழை வேண்டாம். அங்கே மருள் வைக்கலாம். பாம்புக் கற்றாழை என்று நகரத்தார் காசு கொடுத்து வாங்குவதும் அந்த இனத்துச் செடியே. அது மங்கிய இடத்திலும் தாக்குப்பிடிக்கும். எனினும் வளர்ச்சி மெதுவாகவே இருக்கும்.

வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்கு ஜன்னலைச் சிபாரிசு செய்கின்றன. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம் ஊர் 11-வது அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை உச்சிச் சூரியன் சற்று வடக்கே நிற்கும். தெற்கு ஜன்னலில் நேர்வெயில் விழாது. கிழக்கு ஜன்னல் ஆண்டு முழுவதும் காலை வெயில் தரும். அதுவே சிறந்தது.

உள்ளே வெளுத்த செடியை ஒரேயடியாக மொட்டை வெயிலில் வைத்தால் மடல் சிவந்து கருகும். ஒரு வாரம் திண்ணையில், அடுத்த வாரம் வேப்பமர நிழலோரத்தில் வைத்துப் பழக்கவேண்டும். விற்பவர்கள் ஒன்றுக்கு இரண்டு தொட்டியாகக் கொடுத்து, உள்ளே ஒன்று, திண்ணையில் ஒன்று என இரு வாரத்துக்கு ஒருமுறை மாற்றி வைக்கச் சொல்லலாம். விற்பனையும் இரட்டிப்பாகும், செடியும் பிழைக்கும்.

ரோட்டோர நிலத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விடும் விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. பழைய ஓட்டு வீடுகளில் நடுவே ஒரு கண்ணாடி ஓடு பதிப்பார்கள். ஷீட் கூரையிலும் அவ்வாறு ஒளி புகும் தகடு ஒன்று வைக்கலாம். குடியிருப்பவர்களுக்குப் பகலில் விளக்குச் செலவு குறையும். அதன் கீழே ஒரு தொட்டியும் தழைக்கும்.