கனவுக்காரர் என்று சொல்லித் தப்பிக்காதீர்கள்

பச்சை ஃபிளானல் துணியில் தைத்த கனமான நீள அங்கி. அதை இரண்டே அசைவில் உதறிவிட்டு ஓட வேண்டும். 1876 கோடையில், பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் கைதியாகக் கிடந்த 33 வயது நோயாளி, அறையில் தனியாக இருந்தபோதெல்லாம் இதைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு. பட்டாளத்தில் துப்பாக்கிப் பயிற்சி செய்வதுபோல.

முதல் நாள் திட்டம் பாழ். சிவப்புப் பலூன் மதிலுக்கு மேலே எழும்பினால் வழி சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கென்று பார்த்து, கடைகடையாக ஏறி இறங்கியும் ஒரு நல்ல சிவப்புப் பலூன் அகப்படவில்லை. கிடைத்த பழையது மேலே போகவில்லை. மறுநாள் தோழர்கள் வயலினுக்கு மாறினார்கள். எதிர்வீட்டு ஜன்னலில் இசை கேட்டால் தெரு காலி. வாசலில் நிற்கும் காவலாளி முன்பு ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்று விசாரித்து வைத்திருந்ததால், ஒரு தோழர் அவனிடம் போய் நுண்ணோக்கியையும் மனித உடம்பில் ஒட்டி வாழும் பூச்சியையும் பற்றிப் பேச்சுக் கொடுத்து அவன் கவனத்தைத் திருப்பினார். வயலின் ஒலித்தது, அங்கி விழுந்தது. துரத்தி வந்த சிப்பாய் துப்பாக்கிமுனைக் கத்தியால் எட்டிக் குத்தப் பார்த்தான், எட்டவில்லை. அன்றிரவு போலீஸ் ஊரைச் சலித்துக்கொண்டிருக்க, தப்பியவர் தலைநகரின் பேர்போன உணவகத்தில் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கே யாரும் தேடமாட்டார்கள் என்ற கணக்கு.

இந்த மனிதரைத்தான் உலகம் கனவுலகவாசி என்கிறது.

அரசே வேண்டாம் என்ற அரசின்மைவாதி பீட்டர் குரோப்போட்கின் பெயரை எடுத்தால் படித்தவர்கள் முகத்தில் ஒரு கனிவு வரும். வெள்ளைத் தாடி, வட்டக் கண்ணாடி, இளவரசராகப் பிறந்து பட்டத்தைத் துறந்தவர், தங்கமான மனிதர். அடுத்த மூச்சில், “ஆனால் பாவம், நடைமுறை தெரியாதவர்” என்பார்கள். ஆஸ்கர் வைல்டு அவரைக் கிறிஸ்துவுக்கு ஒப்பிட்டு எழுதினார். நல்லெண்ணத்தில்தான் எழுதினார். ஆனால் ஒருவரைப் புனிதராக்கிவிட்டால் பிறகு அவருக்குப் பதில் சொல்லும் தொல்லை இல்லை. மாலை போட்டு ஓரமாக உட்கார வைத்துவிடலாம். வெடிகுண்டு வீசுபவர் என்று திட்டுகிறவரோடாவது வாதாட முடியும். இந்தக் கனிவோடு வாதாடுவதுதான் கஷ்டம்.

நம் மொழியும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. அரசன் இல்லாத நிலையைக் குறிக்கும் ‘அராஜகம்’ என்ற சொல்லை நாம் அட்டூழியத்துக்கு மறுபெயராக வைத்திருக்கிறோம். பேருந்துக் கண்ணாடியை உடைத்தாலும் அராஜகம், ஆளுங்கட்சிக்காரர் நிலத்தை வளைத்தாலும் அராஜகம். ஆட்சியில் இருப்பவர் செய்யும் அக்கிரமத்துக்கு ஆட்சியின்மை என்று பெயர் வைத்த விநோதம் நமக்கு உறைப்பதே இல்லை.

சரி, அவர் கனவு கண்டாரா, கணக்குப் பார்த்தாரா? 1842-இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தையின் பண்ணையடிமைகள், ஆண்களை மட்டும் எண்ணினாலே சுமார் 1,200 பேர். ஜார் மன்னரின் அரண்மனை ஏவலர் பள்ளியில் படித்து, இரண்டாம் அலெக்சாந்தரின் அணுக்க ஏவலராக நின்றவர். 1862-இல் எந்தப் படைப்பிரிவு வேண்டும் என்று கேட்டபோது, மற்றவர்கள் சிரிக்கச் சிரிக்க, சைபீரியாவின் கோடியிலிருந்த ஆமூர் கொசாக் பிரிவைக் கேட்டார். அங்கே ஐந்து ஆண்டுகள். நிர்வாகச் சீர்திருத்த அறிக்கைகள் எழுதி எழுதி, ஆணை போட்டு எதையும் நடத்த முடியாது என்று அங்கேதான் கண்டுகொண்டார். அரசை வெறுக்கப் புத்தகம் படித்துக் கற்றவரல்லர் அவர். அரசு அதிகாரியாக வேலை பார்த்துக் கற்றவர்.

1866-இல் லேனா ஆற்றுத் தங்கச் சுரங்கங்களிலிருந்து தெற்கே சீத்தா வரைக்கும் மாடுகன்று ஓட்டிச் செல்ல ஒரு தடம் தேவைப்பட்டது. அதற்கு முன் போன குழுக்கள் தோற்றுத் திரும்பியிருந்தன. குரோப்போட்கின் நம்பியது அரசாங்க வரைபடத்தை அல்ல. துங்கூஸ் வேடர் ஒருவர் மரப்பட்டையில் கத்திமுனையால் கீறிக் கொடுத்த படத்தை. மலையும் ஆறும் அதில் பொய் சொல்லவில்லை என்று குரோப்போட்கினின் கண் சொன்னது. மூன்று மாத நடையில் குழு சீத்தா போய்ச் சேர்ந்தது. ஆசியாவின் முக்கிய மலைத்தொடர்கள் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகின்றன என்று பழைய வரைபடங்களைத் திருத்தியவரும் இவரே. 1871-இல் ருஷ்யப் புவியியல் கழகம் செயலாளர் பதவியைத் தந்தது, மறுத்துவிட்டார். 1874-இல் பனியுகத்தைப் பற்றிக் கழகத்தில் உரையாற்றிய கையோடு கைதானார்.

‘பரஸ்பர உதவி’ என்ற அவருடைய நூலைப் பற்றி நிலவும் புரளி இன்னும் மோசம். இயற்கை முழுக்க அன்பு மயம் என்று அவர் சொன்னாராம். நூலைப் புரட்டாதவர்கள் கட்டிவிட்ட கதை. 1888-இல் டார்வினின் தளபதி ஹக்ஸ்லி, விலங்குலகத்தைக் கத்திச்சண்டைக் களமாக வருணித்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்கு மறுப்பாக 1890-லிருந்து குரோப்போட்கின் எழுதிய கட்டுரைகள்தான் 1902-இல் நூலாயின. போராட்டம் இல்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. யாரோடு போராட்டம் என்பதே கேள்வி. சைபீரியாவில் அவர் பார்த்தது, ஒரு மந்தை இன்னொரு மந்தையைக் கடித்துக் குதறுவதை அல்ல. பனிப்புயலும் பட்டினியும் எல்லாவற்றையும் சேர்த்து அடிப்பதை. முன்கூட்டியே பனி கொட்டிய ஓர் ஆண்டில், பரந்து கிடந்த நிலப்பரப்பிலிருந்து ஆயிரக்கணக்கான மான்கள் திரண்டு வந்து, ஆமூர் ஆறு எங்கே மிகவும் குறுகுகிறதோ அங்கே கடந்தன. தனித்து நின்ற மானுக்கு அந்தக் குளிரில் என்ன கதி என்று அவருக்குத் தெரியும்.

‘அன்பு’ என்ற சொல்லை அவரே தள்ளி வைத்தார் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீடு பற்றி எரியும்போது வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அந்த வீட்டுக்காரர் மீதுள்ள பாசத்தாலா? பல சமயம் அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. அதைவிட ஆழமான, பழைய ஏதோ ஒன்று காலை இழுத்துக்கொண்டு போகிறது என்பதுதான் அவர் வாதம். 1988-இல் ஸ்டீபன் ஜே கூல்டு என்ற பரிணாமவியல் அறிஞர், இந்த வாதம் பைத்தியக்காரத்தனம் அல்ல என்று ஒரு கட்டுரையே எழுத வேண்டியிருந்தது. அதுவரை உலகம் எந்த லட்சணத்தில் படித்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

மற்ற நூல்களும் இப்படித்தான். புரட்சி நடந்த மறுநாள் ரொட்டிக்கு என்ன வழி என்று கேட்பது 1892-இல் வந்த நூல். 1899-இல் வந்ததில் பாரிஸ் புறநகர்த் தோட்டக்காரர்களின் விளைச்சலையும் ஜெர்சி, குவெர்ன்சி தீவுகளின் கண்ணாடிக் கூடங்களையும் ஏக்கர் கணக்கில் எடுத்து வைக்கிறார். காய்கறிக்கடைக்காரருக்குப் பயன்படும் பக்கங்கள் அவை, கனவுக்காரருக்கு அல்ல. இவர் வழி தொலைவிலும் பரவியது. சீன எழுத்தாளர் பா ஜின் தன் புனைபெயரில் இவர் பெயரின் கடைசி அசையை வைத்துக்கொண்டார். சென்னையில் பிறந்து, பாரதியின் ‘இந்தியா’ பத்திரிகையோடு உழன்று, தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எம்.பி.டி. ஆச்சார்யா, அங்கே கசந்துபோய்க் கடைசிவரை அரசின்மைவாதியாகவே வாழ்ந்து 1954-இல் மறைந்தார். அவரையும் நாம் மறந்ததுதான் மிச்சம்.

குரோப்போட்கின் தவறே செய்யவில்லையா? செய்தார், பெரிய தவறு. 1914-இல் உலகப்போர் மூண்டதும், ஜெர்மனியை முறியடிக்க வேண்டும் என்று பிரான்சு, ருஷ்ய அரசுகளின் பக்கம் நின்றார். 1916-இல் அதே கருத்தில் வந்த அறிக்கையிலும் கையெழுத்திட்டார். நெடுநாள் தோழர் மலத்தெஸ்தா, கொள்கையை மறந்துவிட்டீர்கள் என்று அச்சிலேயே கேட்டார். கேட்டது நியாயம். ஆனால் ஒன்றைப் பாருங்கள். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவர் ‘நடைமுறைவாதிகள்’ சொல்கிறபடி யோசித்தார்: எதிரி கொடியவன், இப்போதைக்கு நம் அரசின் துப்பாக்கிக்குப் பின்னால் நிற்போம் என்று. சறுக்கியது அங்கேதான். கனவு அவரைக் கவிழ்க்கவில்லை.

1917-இல் நாடு திரும்பியவரை இடைக்கால அரசின் கெரென்ஸ்கி அமைச்சராகக் கூப்பிட்டார், போகவில்லை. மாஸ்கோவுக்கு வடக்கே திமித்ரோவ் என்ற சிற்றூரில் போய் உட்கார்ந்தார். 1920 மார்ச்சில் அங்கிருந்து லெனினுக்கு அவர் எழுதிய கடிதத்தில் தத்துவம் குறைவு. அஞ்சல், தந்தி ஊழியர்கள் சம்பளத்தில் வயிறு கழுவ முடியாமல் தவிக்கும் கதை இருக்கிறது. நாட்டை நடத்துவது சோவியத்துகள் அல்ல, கட்சிக் குழுக்கள் என்ற குற்றச்சாட்டும் இருக்கிறது. டிசம்பரில் இன்னொரு கடிதம்: பணயக்கைதிகளைப் பிடித்து வைக்கும் முறையைக் கைவிடுங்கள் என்று. அடுத்து வந்த எழுபது ஆண்டு ருஷ்ய வரலாற்றைப் படித்துவிட்டு, அந்த இருவரில் நடைமுறை தெரியாதவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

1921 பிப்ரவரி 8-இல் காலமானார். அரசு மரியாதை வேண்டாம் என்றது குடும்பம். 13-ஆம் தேதி மாஸ்கோவில் கறுப்புக் கொடிகளோடு பல்லாயிரம் பேர் கடுங்குளிரில் நடந்தார்கள். சிறையிலிருந்த அரசின்மைவாதிகள் சிலரை அன்று ஒரு நாள் மட்டும் வெளியே விட்டார்கள். முடிந்ததும் திரும்பி வந்துவிடுவோம் என்ற வாக்குறுதியின் பேரில். அவர்களில் ஒருவர் ஆரோன் பாரன். கல்லறையருகே நின்று புதிய ஆட்சியின் கொடுமையைத் தொண்டை கிழியச் சாடினார். பிறகு, கொடுத்த சொல் தவறாமல், சிறைக்குத் திரும்பிப் போனார்.